சீட்டுக்கட்டுக்குள் ஓர் ஊர்

சுந்தரபாண்டியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊர் திரும்பும்போது, அவர்கள் பையில் என்ன வைத்து அனுப்புவது என்று யாரும் யோசிப்பதில்லை. கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ் பயணம், பால்கோவா வந்துவிடும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பு சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ச் சேரும். இரண்டு மூன்று நாளில் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். வாயில் ருசி நிற்கும். கையில் ஒன்றும் நிற்காது.

கையில் நிற்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றுதான் ஊர் சுற்றுகிறவர்கள் சாவிக்கொத்து வாங்குகிறார்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் வாங்குகிறார்கள். ஊர்ப் பெயர் போட்ட டீ-ஷர்ட் வாங்குகிறார்கள். ஐந்தாறு பயணம் முடிவதற்குள் ஃபிரிட்ஜ் கதவில் இடமிருக்காது. டீ-ஷர்ட் கரித்துணியாகிவிடும்.

இவர்களுக்கு நடுவே ஒரு சிறு கூட்டம் மட்டும் போகிற ஊரிலெல்லாம் வேறொன்றைக் கேட்டு வாங்குகிறது. சீட்டுக்கட்டு!

சட்டைப் பையில் அடங்கும். எடை சுமார் 100 கிராம்தான். கண்ணாடிச் சாமான் மாதிரி உடையாது, இனிப்பு மாதிரிக் கெடாது. ஒரு காந்தத்தில் ஒரு படம்தான் இருக்கும். நல்ல சீட்டுக்கட்டில் 52 படம் இருக்கும்; கோட்டை, அருவி, பறவை, பழைய தெரு என்று அந்த ஊரே உள்ளே உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மழை நாளில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த நினைவுப் பொருளை வைத்து விளையாடவும் செய்யலாம்.

"சீட்டுக்கட்டையா வீட்டுக்குள்ள கொண்டு வர்றே?" என்று பாட்டி முகம் சுளிப்பதிலும் நியாயம் இருக்கிறது. கண்மாய்க் கரையிலும் தோப்பிலும் காசு வைத்து ஆடி, நகையும் நிலமும் போன கதை எல்லா ஊரிலும் உண்டு. பிறகு அந்தச் சூது கைபேசிக்குள்ளேயே வந்தது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. 2025-ல் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது.

ஆனால் காசு வைக்காத சீட்டும் இதே வீடுகளில் இருந்திருக்கிறது. கல்யாண வீட்டு மாடியில், கோடை விடுமுறையில் திண்ணையில், பிள்ளைகள் 'கழுதை' ஆடித் தோற்றவனைக் கேலி செய்தது அந்தச் சீட்டை வைத்துத்தான். சேகரிப்பவர்கள் தேடுவதும் இந்த இரண்டாவது சீட்டைத்தான்.

ரயிலும் விமானமும் கொடுத்த சீட்டு

இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1893-ல் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. வந்தவர்கள் நினைவாக எடுத்துப்போகும்படி, கண்காட்சிக் கட்டடங்களின் படங்களை அச்சிட்ட சீட்டுக்கட்டு விற்பனைக்கு வந்தது. அதே காலகட்டத்தில் அந்நாட்டு ரயில் கம்பெனிகளும் இதைப் பிடித்துக்கொண்டன. தண்டவாளம் போகிற வழியில் வரும் மலை, பள்ளத்தாக்கு, பாலம் என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு புகைப்படம். ரயிலில் பொழுது போக ஆடலாம். இறங்கிய பிறகு ஆல்பம் போலப் பார்க்கலாம்.

பிறகு விமானங்கள் வந்தன. திரைப்படமும் கைபேசியும் இல்லாத நாளில், நீண்ட தூரப் பயணிகளுக்கு விமான நிறுவனங்கள் இலவசமாகச் சீட்டுக்கட்டு கொடுத்தன. ஏர் இந்தியாவும் கொடுத்தது. 1946-ல் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து உருவாக்கிய தலைப்பாகை மகாராஜாவை நினைவிருக்கும். அந்த நிறுவனத்தின் பழைய சீட்டுக்கட்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த பழைய விமானக் கட்டு ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தாலும் கிடக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சீட்டுக்கென்று தனி அருங்காட்சியகங்களே இருக்கின்றன. ஸ்பெயினின் விட்டோரியா நகரில் ஒன்று, பெல்ஜியத்தின் டர்ன்ஹவுட்டில் ஒன்று, பிரான்ஸில் பாரிஸை ஒட்டிய இஸ்ஸி நகரில் ஒன்று. சீட்டுகளின் வரலாற்றை ஆராய்வோருக்கான பன்னாட்டுச் சங்கம் 1972-லிருந்து இயங்கிவருகிறது.

சிலர் முழுக்கட்டு சேர்ப்பதில்லை. ஜோக்கர் சீட்டை மட்டும் சேர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் முன்பெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் சீட்டுகளின் முதுகுப் பக்கப் படத்துக்காகவே ஒற்றைச் சீட்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு சேர்த்தார்கள். செலவில்லாத சேகரிப்பு!

இஸ்பேட் ஏஸைப் பாருங்கள்

அனுபவம் உள்ளவர் கையில் ஒரு புதுக் கட்டைக் கொடுத்தால், முதலில் அவர் தேடுவது இஸ்பேட் ஏஸைத்தான். மற்ற மூன்று ஏஸும் நடுவில் ஒரே ஒரு சின்னத்தோடு சும்மா இருக்கும். இஸ்பேட் ஏஸ் மட்டும் பூவேலைப்பாட்டோடு பெரிதாக இருக்கும். அச்சிட்ட கம்பெனியின் பெயரும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

இதற்குக் காரணம் வரி. பிரிட்டனில் முன்பு சீட்டுக்கட்டுக்கு வரி வசூலித்தார்கள். வரி கட்டியாயிற்று என்பதற்கான அடையாளத்தை இஸ்பேட் ஏஸில் போட்டார்கள். கள்ள அச்சு அடிக்க முடியாதபடி அதைச் சிக்கலான வேலைப்பாட்டோடு வரைந்தார்கள். 1960-ல் அந்த வரி நீக்கப்பட்டது. ஆனால் அலங்காரம் அப்படியே தங்கிவிட்டது.

சீட்டோடு வார்த்தையும் பயணம் செய்யும். மூன்று இலை மாதிரி இருக்கும் சின்னத்தை நம் ஊரில் 'கிளாவர்' என்போம். டச்சுக்காரர்கள் தங்கள் மொழியில் அதைச் சொல்வதும் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில்தான். 17-ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். கோட்டை போய்விட்டது, திண்ணையில் சீட்டு ஆடுகிறவர் வாயில் இந்தச் சொல் இருக்கிறது.

வட்டச் சீட்டு

52 சீட்டுக் கட்டு வெளியிலிருந்து வந்தது. அதற்கு முன்பே இந்தியாவில் வேறொரு சீட்டு இருந்தது. அதன் பெயர் கஞ்சிஃபா. பெரும்பாலும் வட்டமாக இருக்கும், கையால் வரைந்தது. முகலாயப் பேரரசர் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில், 1527-ல் சிந்துப் பகுதியில் இருந்த ஒருவருக்குக் கஞ்சிஃபா சீட்டுகளை அனுப்பிவைத்ததை எழுதியிருக்கிறார். இந்தியாவில் இந்தச் சீட்டு பற்றிய மிகப் பழைய குறிப்பாக அதைத்தான் சொல்கிறார்கள்.

அவருடைய பேரன் அக்பரின் காலத்தில் ஒரு கட்டுக்கு 12 இனம், இனத்துக்கு 12 சீட்டு, மொத்தம் 144. குதிரைகளின் தலைவன், யானைகளின் தலைவன், கோட்டைகளின் தலைவன், கப்பல்களின் தலைவன், பாம்புகளின் தலைவன் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அரசன். அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி' நூலில் இதன் விவரம் இருக்கிறது. பிறகு அதிகம் புழங்கியது 8 இனமும் 96 சீட்டும் கொண்ட கட்டு.

நம்மவர்களுக்கு உடனே பிடிபடுவது தசாவதாரக் கட்டு. மச்சத்திலிருந்து கல்கி வரை 10 அவதாரங்கள், 10 இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் ராஜா ஒன்று, மந்திரி ஒன்று, ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள். ஆக 120 சீட்டு. எண்ணைக் காட்ட அவதாரத்தின் அடையாளத்தை வரைவார்கள். மச்சத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, பரசுராமருக்குக் கோடரி, கல்கிக்கு வாள். ஐந்து மீன் வரைந்திருந்தால் அது மச்சத்தின் ஐந்து.

தெய்வப் படத்தைச் சீட்டில் போடலாமா என்று அந்தக் காலத்திலும் கேட்டிருப்பார்கள். ஆடும்போது அவதாரங்களின் பெயரைச் சொல்வதே புண்ணியம் என்று அதற்கு ஒரு சமாதானமும் சொல்வதுண்டு.

ஆட்டம் லேசானதில்லை. மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு 40 சீட்டு. பகலில் ஆடினால் ராமர் சீட்டு வைத்திருப்பவர் தொடங்க வேண்டும். இரவில் ஆடினால் கிருஷ்ணர் சீட்டு வைத்திருப்பவர். பாதி இனங்களில் பத்துக்கு மதிப்பு அதிகம். மீதிப் பாதியில் தலைகீழாக, ஒன்றுக்கு மதிப்பு அதிகம். எது விழுந்தது, எது மிச்சம் என்று 120 சீட்டையும் மனசில் வைத்திருக்க வேண்டும். ஞாபக மறதிக்காரர் பக்கத்திலேயே போக முடியாது.

நான்கு ஊர், நான்கு கட்டு

இந்தச் சீட்டை இன்றும் கையால் செய்யும் ஊர்கள் உண்டு. சுற்றுலா போகிறவர்கள் வழியில் எட்டிப் பார்க்கலாம்.

நமக்குப் பக்கம் மைசூரு. அங்கே ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்குச் சீட்டாட்டத்தில் தீராத ஆசை. தாமே புதிது புதிதாக ஆட்டங்களை அமைத்தார். அவற்றுக்கு 'சாட்' என்று பெயர். சிலவற்றுக்கு 300-க்கும் மேல் சீட்டு வேண்டும். அவர் காலத்தில் உருவான 'ஸ்ரீதத்வநிதி' என்ற பெரிய நூலில், விளையாட்டுகளுக்கான 'கௌதுக நிதி' என்ற பகுதியில் இந்த விவரங்கள் இருக்கின்றன. நம் காலத்தில் ஓவியர் ரகுபதி பட் மைசூரு கஞ்சிஃபாவுக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் முக்கியமானவர். மைசூரு கஞ்சிஃபாவுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

கோவா போகிறவர்கள் வடக்கே எல்லை தாண்டினால் மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடி வந்துவிடும். அங்கே 1970-களில் இந்தக் கலை அணையும் நிலையில் இருந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த சிவராம் ராஜே போன்ஸ்லேவும் அவர் மனைவி சத்வசீலாதேவியும், வேலை தெரிந்த முதிய ஓவியரிடம் தாங்களே கற்றுக்கொண்டு, அரண்மனையிலேயே ஒரு பட்டறையைத் தொடங்கினார்கள். அரண்மனைக்குப் போனால் கலைஞர்கள் உட்கார்ந்து வரைவதைப் பார்க்கலாம்.

மேற்கு வங்கத்தின் பிஷ்ணுபூர் சுடுமண் கோயில்களுக்குப் பெயர் போன ஊர். மல்ல அரசர்கள் ஆண்ட அந்த ஊரில் ஃபௌஜ்தார் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தசாவதாரச் சீட்டு செய்கிறார்கள். அங்கே புத்த அவதாரத்தின் இடத்தில் பூரி ஜகந்நாதர் உருவம் இருக்கும்.

நான்காவது ஒடிசா. ராஜபாளையத்துக்காரர்களுக்கு அந்த மாநிலத்தோடு ஓர் உறவு உண்டு. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா, பின்னர் ஒடிசாவின் ஆளுநராகவும் இருந்தார். பூரிக்குப் பக்கத்தில் ரகுராஜ்பூர் என்ற கிராமத்தில் வீட்டுக்கு வீடு ஓவியர்கள். பழைய பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, வெள்ளைச் சுண்ணப்பொடி பூசி, காயவைத்துத் தேய்த்து, வட்டமாக நறுக்கி, வண்ணம் தீட்டி, அரக்குப் பூசுகிறார்கள். அங்கே இதற்குக் 'கஞ்சப்பா' என்று பெயர். பாவுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய நெசவாளர் வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பசையின் பதம் சொல்லாமலே புரியும்.

படம் பிழைத்தது, ஆட்டம்?

இவ்வளவையும் கேட்டால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குறை இருக்கிறது.

இந்தச் சீட்டுகளை இன்று வாங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஆடத் தெரியாது. வாங்கியதும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். 120 சீட்டையும் கையால் வரைய நாள் பிடிக்கும், விலையும் கூடும். அதனால் நாலைந்து சீட்டை மட்டும் வரைந்து படமாக விற்பதும் உண்டு. அதே ஓவியத்தைக் காபித் தம்ளர் வைக்கும் வட்டத்திலும் நகைப் பெட்டி மூடியிலும் தீட்டுகிறார்கள். கலைஞர்களைக் குறை சொல்ல முடியாது. அடுப்பு எரிய வேண்டும். விற்பதைத்தான் செய்ய முடியும். சுற்றுலா வந்தவர்கள் வாங்கியதால்தான் அந்தக் கைகள் தூரிகையைக் கீழே வைக்காமல் இருக்கின்றன.

ஆனால் ஆட்டம் வேறு, படம் வேறு. படத்தை ஒரு கட்டைப் பார்த்து இன்னொரு கட்டில் வரைந்துவிடலாம். ஆட்டத்தை நாலு பேர் உட்கார்ந்து ஆடித்தான் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். பகலில் ராமர், இரவில் கிருஷ்ணர் என்ற விதி சீட்டின் மேல் எழுதியிருக்காது. அது ஆடியவர்கள் வாயில் இருந்தது. ஒடிசாவின் சில ஊர்களில் பெரியவர்கள் இன்னும் கஞ்சப்பா ஆடுகிறார்கள். மற்ற இடங்களில் சீட்டு சுவருக்குப் போனதும் விதியும் மெல்ல மறைந்தது.

மும்பையில் நெடுங்காலம் வாழ்ந்த ருடால்ஃப் வான் லைடன் என்ற ஜெர்மானியர் இதற்காகவே உழைத்தவர். கஞ்சிஃபா சீட்டுகளைத் தேடிச் சேகரித்து ஆராய்ந்தவர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள இந்தியச் சீட்டுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1982-ல் வெளிவந்தது. சேகரிப்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு எழுதிவைத்தால் அடுத்த தலைமுறைக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

ஆகவே கையால் செய்த கட்டு வாங்கினால், விலையோடு இன்னொன்றையும் கேளுங்கள். "ஐயா, இதை எப்படி ஆடணும்?" அவருக்குத் தெரிந்தால் சந்தோஷமாகச் சொல்வார். கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடப் பதிவும் நீங்கள் வாங்கிவந்த நினைவுப் பொருள்தான்.

வாங்கும்போது, வைக்கும்போது

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் ஏதாவது ஒரு வழியைப் பிடித்துக்கொள்வது நல்லது. போன ஊர்களின் கட்டு மட்டும், அல்லது பறவைப் படம் உள்ள கட்டு மட்டும், அல்லது ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு ஜோக்கர் மட்டும். கண்டதையெல்லாம் வாங்கினால் பணமும் போகும், அலமாரியும் நிறையும்.

52 சீட்டிலும் வேறு வேறு படம் இருக்கிறதா, முதுகில் மட்டும்தான் படமா என்று கேட்டு வாங்குங்கள். பழைய கட்டு என்றால் எண்ணிப் பாருங்கள். எந்தச் சீட்டு இல்லை என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கட்டோடு வையுங்கள்.

அரச குடும்பங்களுக்காக அந்த நாளில் தந்தத்திலும் ஆமையோட்டிலும் சீட்டு செய்தார்கள். இன்று யாராவது தந்தச் சீட்டு என்று காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம். 100 ஆண்டுக்கு மேல் பழமையான கலைப்பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவும் சட்டம் தடை விதிக்கிறது.

வீட்டில் வைக்கும்போது முதல் எதிரி ரப்பர் பேண்டு. ஓரத்தை அமுக்கி வெட்டும். கோடையில் இளகி ஒட்டிக்கொள்ளும். பேப்பர் பட்டையோ துணி நாடாவோ போதும். இரண்டாவது எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரோர அலமாரியில் வைத்தால் சீட்டு வளைந்துவிடும். மூடி உள்ள டப்பாவில், புதுச் செருப்பு, பை வாங்கும்போது வருமே அந்த ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், அதைப் போட்டு வைக்கலாம். குழந்தைகள் கைக்கு அது எட்டக் கூடாது. மூன்றாவது எதிரி ராமபாணப் பூச்சி. பசையால் ஒட்டிய துணிச் சீட்டு என்றால் அதற்கு விருந்து. மாதம் ஒருமுறை எடுத்துப் பிரித்துப் பார்த்து, காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஈரத்துணி வேண்டாம். சட்டம் போட்டு மாட்டுவதானால் வெயில் நேராக விழாத சுவராகப் பாருங்கள், வண்ணம் வெளுக்காது.

தீப்பெட்டிப் படமும் ஒரு சீட்டுதான்

இதெல்லாம் வெளியூர்க் கதை. சுந்தரபாண்டியம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் வேறொரு சேகரிப்பு வெளியே வரும்.

சிவகாசியிலிருந்து பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் பழகிவந்து, 1923-ல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்குப் படம் வேண்டும். படத்துக்கு அச்சு வேண்டும். அப்படி வளர்ந்ததுதான் சிவகாசியின் அச்சுத் தொழில். காலண்டர், டைரி, வெடிக்கட்டு லேபிள் என்று பெருகியது. பிள்ளைகள் ஆடும் அட்டைகளும் சீட்டுக்கட்டுகளும் அங்கே அச்சாகின்றன.

அந்தத் தீப்பெட்டிப் படங்களைப் பிள்ளைகள் வெட்டி எடுத்துச் சேர்த்தார்கள். தரையில் வட்டம் போட்டு, நடுவில் படங்களை அடுக்கி, தட்டைக் கல்லை வீசி வெளியே தள்ளினால் தள்ளியவனுக்குச் சொந்தம். இருவர் மாறி மாறிப் படம் போட்டு, ஒரே மாதிரிப் படம் விழுந்தால் மொத்தத்தையும் அள்ளுவதும் உண்டு. எளிதில் கிடைக்காத படத்துக்கு மதிப்பு அதிகம். வெளியூர் போய்வந்த மாமா டீக்கடை வாசலில் குனிந்து, காணாத படம் உள்ள காலிப் பெட்டியைப் பொறுக்கி வந்தால், தெருவில் அந்தப் பையன்தான் ராஜா.

காசு கொடுத்து வாங்காத பயண நினைவுப் பொருள் அது. அதைச் சுவரில் மாட்டவில்லை. டவுசர் பையில் வைத்திருந்தார்கள், ஆடினார்கள், தோற்றார்கள், அழுதார்கள். அதனால்தான் அறுபது வயதிலும் விதி மறக்கவில்லை.

நம் ஊருக்கு ஒரு கட்டு

ஊர் ஊராகப் போய்ச் சீட்டுக்கட்டு வாங்குகிற வீடு, சொந்த ஊருக்கு ஒரு கட்டு செய்து பார்க்கலாம். அடுத்த முறை சொந்தக்காரர்கள் கிளம்பும்போது பால்கோவாவோடு அதையும் கொடுத்து அனுப்பலாம்.

இனத்துக்கு ஓர் ஊர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்டின் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு: 11 நிலைக் கோபுரம், ஆடிப்பூரத் தேர், பால்கோவாச் சட்டி, செண்பகத்தோப்பு. டைமன் சிவகாசிக்கு: தீப்பெட்டி, மத்தாப்பு, தினசரி காலண்டர். இஸ்பேட் ராஜபாளையத்துக்கு: வெள்ளை நிற வேட்டை நாய், பஞ்சாலை, சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி. ராஜா சீட்டுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. குமாரசாமி ராஜாவும், அவர் கொடுத்த வீட்டில் உருவான காந்தி கலைமன்றமும் இருக்கின்றன. கிளாவர் சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கத்துக்கு: வயல், தென்னந்தோப்பு, பிளவக்கல் அணை, சதுரகிரி மலை. ஜோக்கர் யார் என்பதில் சண்டையே வராது. 1988-ல் சரணாலயம் அமைத்துக் காப்பாற்றிவரும் சாம்பல் நிற மலை அணிலைவிடக் கிளை தாவுகிறவர் யார்?

படங்களைப் பிள்ளைகள் வரையட்டும். இல்லையென்றால் கைபேசியில் எடுத்த படங்களே போதும். ஒரு சீட்டு சுமார் 6.3 சென்டிமீட்டர் அகலம், 8.8 சென்டிமீட்டர் உயரம். டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் 300 ஜி.எஸ்.எம். அட்டையில் அடித்து வெட்டிக் கொடுப்பார்கள். மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள். கையில் குத்தாது, சீக்கிரம் மடங்காது. எல்லாச் சீட்டுக்கும் முதுகு ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது ஆட்டத்திலேயே பேரன் எல்லாவற்றையும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவான்.

52 சீட்டு, இரண்டு ஜோக்கர். 55-வதாக ஒரு சீட்டு சேருங்கள். அதில் படம் வேண்டாம். வீட்டுப் பெரியவருக்குத் தெரிந்த ஓர் ஆட்டத்தின் விதியை அவரைச் சொல்லச் சொல்லி அப்படியே எழுதுங்கள்.

'கழுதை' என்றால் இப்படி இருக்கும்: எல்லாச் சீட்டையும் பங்கு போடு. இஸ்பேட் ஏஸ் வைத்திருப்பவர் முதலில் இறங்கணும். எல்லோரும் அதே இனம் போடணும். பெரிய சீட்டு போட்டவர் அடுத்த ஆட்டம் இறங்கலாம்; விழுந்த சீட்டு ஓரமாகப் போகும். அந்த இனம் கையில் இல்லாதவர் வேறு இனம் போட்டு வெட்டலாம். வெட்டினால், அதுவரை பெரிய சீட்டு போட்டிருந்தவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளணும். கையைக் காலி செய்தவர் தப்பினார். கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை.

முகம் சுளித்த பாட்டியையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். யாருக்கும் காசு நஷ்டமில்லை. இஸ்பேட் ஏஸ் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும்.